கணினியோடு கல்–காகிதம்–கத்தரி விளையாட்டைப் பைத்தானில் எழுத எப்படித் தொடங்குவது?

கல்–காகிதம்–கத்தரியை விடுங்கள், கை கிரிக்கெட் எழுதுங்கள். கணினி மூன்றில் ஒன்றைச் சரிசமமாகக் குருட்டாம்போக்கில் எடுத்தால், நீங்கள் யோசித்துப் போட்டாலும் சரி, நாள் முழுக்கக் கல்லே போட்டாலும் சரி, வெற்றி வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் சலித்துவிடும்.

கை கிரிக்கெட் நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரியும். நான் கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போன காலத்தில் முழுப் பயணமும் இதுதான். ஒன்று முதல் ஐந்து வரை விரல், கட்டைவிரல் மட்டும் காட்டினால் ஆறு. இரண்டு பேரும் ஒரே எண்ணைக் காட்டினால் அவுட், இல்லாவிட்டால் பேட்ஸ்மேன் காட்டியது ரன். நிரலும் அவ்வளவுதான்: திரும்பத் திரும்ப ஓட ஒரு வைல் லூப் (while), உள்ளே நீங்கள் தட்டும் எண்ணை வாங்க ஒரு இன்புட் (input), கணினி குருட்டாம்போக்கில் ஓர் எண் எடுக்க ஒரு ரேண்ட்இன்ட் (randint), இரண்டும் ஒன்றா என்று பார்க்க ஒரு இஃப் (if).

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இரண்டு. ரேண்ட்இன்ட்டை லூப்புக்கு வெளியே வைத்தால் கணினி ஆட்டம் முழுக்க ஒரே விரலைக் காட்டும். அடுத்தது, இன்புட் தருவது எண் அல்ல, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து; அதை எண்ணாக்க இன்ட் (int) வேண்டும். ரன்னைக் கூட்டும்போது மட்டும் இன்ட் போட்டுவிட்டு ஒப்பிடும்போது மறந்தீர்கள் என்றால் எரரும் வராது, ஜென்மத்துக்கும் அவுட்டும் ஆக மாட்டீர்கள். நான் நாற்பது ஐம்பது பந்து ஆடிய பிறகுதான் சந்தேகப்பட்டேன்!

இனிமேல்தான் சுவாரசியம். எழுதி முடித்து அக்கா பையனிடம் கொடுத்தேன், அவன் ஆறைத் தவிர வேறெதையும் தொடவில்லை. "ஏனுங் மாமா, உங்க கம்ப்யூட்டருக்கு மூளையே இல்லீங்களா?" என்றான். உண்மைதான். ஒவ்வொரு பந்திலும் அவுட் ஆக ஆறில் ஒரு வாய்ப்பு, அதாவது சராசரியாக ஐந்து பந்து தாங்கலாம், ஆறாகவே போட்டால் 30 ரன், ஒன்றாகவே போட்டால் வெறும் 5. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனாக இருந்தால் இரண்டாவது ஆறிலேயே உஷாராகியிருப்பான்.

சரி, திருத்துவது சுலபம். ரேண்ட்இன்ட்டை எடுத்துவிட்டு ஒரு லிஸ்ட் வையுங்கள்: ஒன்று ஒரு தடவை, இரண்டு இரண்டு தடவை, இப்படியே ஆறு ஆறு தடவை, மொத்தம் 21 எண். அதிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்றை எடுக்க ரேண்டம் சாய்ஸ் (random.choice). இப்போது ஆறாகவே அடித்தால் சராசரி 15தான், மூன்றாகவே அடித்தால் 18, ஒன்றாகவே தட்டினால் 20. பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டால் ஆபத்து என்பது ஆட்டத்துக்குள் வந்துவிட்டது, மெஷின் லேர்னிங் எல்லாம் வேண்டியதில்லை.

அக்கா பையன் என்ன செய்தான் என்கிறீர்களா? கணக்கு எதுவும் போடாமலே, நாலாவது இன்னிங்ஸிலிருந்து ஒன்று மட்டுமே தட்ட ஆரம்பித்துவிட்டான்.