விமான இன்ஜின் ஆயில் குடிக்குதா? கேளுங்க, சொல்றேன்

நான் மதுரைக்காரன்தான், வடக்க ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல பிஸ்டன் இன்ஜின் பாக்குறேன். லீவுக்கு வந்திருக்கேன், கேளுங்கப்பா.

அவனியாபுரம் தம்பி (பைலட் ட்ரெயினிங்): அண்ணே, எங்க செஸ்னா 172 சின்ன விமானத்துல சிலிண்டர் மாத்துனதுல இருந்து ஒரே ஆயில் குடி. புதுசாச்சேன்னு 55 பர்சன்ட் பவர்லயே ஓட்டுறோம், அப்பவும் குறையல.

அந்தப் பாவம் பாக்குறதுதான் தம்பி வினை. பிஸ்டனைச் சுத்தி இருக்க ரிங்கு சிலிண்டர் சுவத்துல படிஞ்சு உக்காரணும்னா எரியுற கேஸோட பிரஷர் ரிங்குக்குப் பின்னாடி போய் அதை வெளிய தள்ளணும், பவர் கம்மின்னா தள்ளு கம்மி, நடுவுல ஆயில் அப்படியே நின்னு சூட்டுல வார்னிஷ் கணக்கா இறுகிப் போயிரும். அதுதான் கிளேஸிங். வந்துருச்சுன்னா அப்பறம் எவ்வளவு பவர் குடுத்தும் பிரயோஜனம் இல்ல, சிலிண்டரைக் கழட்டி உள்சுவத்தைத் தேய்ச்சு எடுக்குற ஹோனிங்தான். அடிட்டிவ் சேக்காத மினரல் ஆயில் ஊத்தி 65-லருந்து 75 பர்சன்ட்ல ஓட்டுங்க, 50 மணி நேரம் இல்லைன்னா ஆயில் செலவு ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும். சிலிண்டர் ஹெட் சூட்டுல ஒரு கண்ணு இருக்கட்டும்.

உசிலம்பட்டி: ரிங்கு உக்காந்தப்பறமும் பவரைக் கூட்டி ஓட்டுனா ஆயில் குறையுமா?

இல்ல, அப்பறம் கதை மாறுது. ஆர்பிஎம் ஏற ஏற சுவத்துல தெறிக்கிற ஆயிலும் கூடும், சூட்டுல ஆயில் இளகும், செலவு ஏறத்தான் செய்யும். அதுக்காக த்ராட்டிலை மூடிக்கிட்டே ரொம்ப தூரம் இறங்கினா காத்து உள்ள போற இன்டேக்ல வேக்குவம் வந்து வால்வு கைடு வழியா ஆயிலை உள்ள இழுக்கும், அதுவும் வேணாம்.

எவ்வளவு குடிச்சா நார்மல் மாமா?

இன்ஜின் செய்யுற லைகமிங் கம்பெனி கணக்கு: 0.006 × ஹார்ஸ்பவர் × 4 ÷ 7.4. 160 ஹார்ஸ்பவருக்கு மணிக்கு அரை குவார்ட்டுக்குக் கொஞ்சம் மேல (ஒரு குவார்ட்டுன்னா லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி). அது எல்லை, நல்ல இன்ஜின் அதுக்கு ரொம்பக் கீழயே நிக்கும். நான் நம்பரை விட, போன மாசத்துக்கு இந்த மாசம் ஏறுதான்னுதான் பாப்பேன்.

8 குவார்ட் நிரப்பினா முதல் ஃப்ளைட்லயே ஒண்ணு காணோம்?

இன்ஜின் மூச்சு விடுற குழாய், அதான் ப்ரீதர், அது வழியா வெளிய போயிருக்கும், விமானத்தோட வயித்துப் பக்கம் தடவிப் பாருங்க. புக்ல சொன்ன மினிமத்துக்கு மேல, ஆனா தளும்பத் தளும்ப ஊத்தாம ஒரு அளவு வச்சுக்கங்க.

திருமங்கலம் புல்லட் மெக்கானிக்: கார் ஆயிலை அதுல ஊத்துனா என்னண்ணே?

ஊத்திராதீங்கண்ணே! அதுல இருக்க உலோக அடிட்டிவ் எரிஞ்சு சாம்பலா பிஸ்டன் தலையில படிஞ்சு தணலா நின்னு, பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வச்சுரும். பிஸ்டன்ல ஓட்டை விழும்.