வீட்டுக் கணினி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, கூடத்தில் வைஃபை நன்றாகக் கிடைக்கிறது. பின்னறையில் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று ஓடுகிறது. 100 எம்பிபிஎஸ் வேக இணையத் திட்டத்தை 300-க்கு மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். முதலில் லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். 90-க்கு மேல் காட்டினால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை, வீட்டுக்குள்தான் கோளாறு. 300 வாங்கினாலும் பின்னறையில் இதே கதைதான்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லைன்மேன் கேபிள் நுழைந்த மூலையிலேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார். பல வீடுகளில் அது டிவி ஸ்டாண்டுக்குள்ளோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ கிடக்கும். பீரோவின் இரும்புத் தகடும், அதில் பதித்த ஆளுயரக் கண்ணாடியின் பூச்சும் சிக்னலை அப்படியே மறித்துவிடும். ஆறடி உயரத்தில், எதுவும் மறைக்காத இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது மெல்லிய ஃபைபர் வயரை மடக்கிவிடாதீர்கள். ஒரு டம்ளரைச் சுற்றுகிற அளவுக்காவது வளைவு இருக்கட்டும். இறுக்கி மடக்கினால் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாகி, நெட் மொத்தமும் போய்விடும்.

அடுத்து, ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் துவண்டுவிடும். 2.4 வேகம் குறைந்தது, சுவரைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் இருந்தால் லேப்டாப் பலவீனமான 5-ஐயே பிடித்துக்கொண்டு தொங்கும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, பின்னறை லேப்டாப்பை 2.4-இல் சேருங்கள். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அடுக்குமாடியில் இதன் பலன் கண்கூடாகத் தெரியும்.

அப்படியும் சரிவராவிட்டால் ரிப்பீட்டர் வாங்கப் போகாதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் சிக்னலைப் பெறுவதும் திரும்ப அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியாகும். பரணில் பழைய ரவுட்டர் இருக்கிறதா? கேட் 6 வகை லேன் கேபிளை 15 மீட்டர் இழுத்து அதைப் பின்னறையில் வைக்கலாம். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்துவிட்டு, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். (உங்கள் முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இந்த எண். அது 192.168.0.1 என்றால் 192.168.0.2.) தவறு நடப்பது கேபிளில்தான்: நிறம் மாறியிருக்கும் வேன் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் செருகிவிடுவார்கள். அப்போது அது தனி நெட்வொர்க்காகிவிடும். டிஎச்சிபி-யும் அணைந்திருப்பதால் பின்னறை லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, நெட்டும் வராது.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போகும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுகிறது. மினி யூபிஎஸ் எது வாங்கலாம் மேடம்?

பதில்: வாங்குமுன் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் ‘நார்மல்’, ‘யூபிஎஸ்’ என்று சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைந்து, ரவுட்டரும் கணினியும் அணையாமல் தப்பிக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. அந்த நிலையில் மின்னழுத்தம் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் தெருவில் லோ வோல்டேஜ் என்றால் பேட்டரி சீக்கிரம் தேயும். அப்போது மட்டும் மினி யூபிஎஸ்.

ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். 9 வோல்ட்டும் உண்டு. வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முனை 5.5 மிமீ-தான் என்றாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. தவறானதைச் செருகினால் தொட்டால் அணைகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. என் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுக்கப் போகிறோம். ஆபாசத் தளங்கள் வராமல் எப்படிப் பூட்டுவது?

பதில்: ஒரு பூட்டு போதாது, இரண்டு போடுங்கள்.

முதலில் போனிலுள்ள உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் ரீசெட் செய்தால் போன் எழுந்ததும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அங்கேயே நிற்கலாம். எழுந்ததும் ‘குழந்தைக்கான கணக்கு’ என்று புதிதாகத் தொடங்கி, உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் செயலியில் சேருங்கள். தினசரி நேரம், இரவில் அணையும் நேரம், புதுச் செயலிக்கு உங்கள் அனுமதி மூன்றையும் அதில் வைக்கலாம். மகனின் உண்மையான பிறந்த வருடத்தையே கொடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் இந்தக் கட்டுப்பாடுகளின் பாதி கிடைக்காது.

இரண்டாவது பூட்டு டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்லும் சேவை. ஆபாசத் தளங்களுக்கு முகவரி சொல்லாத டிஎன்எஸ்ஸாகப் பார்த்துப் போட வேண்டும். போன் செட்டிங்கில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கும் (ஆண்ட்ராய்டு 9 முதல்). அங்கே family.cloudflare-dns.com என்பதை இடைவெளி விடாமல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். இது வைஃபை, சிம் டேட்டா இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் செட்டிங்கிற்குள் போகத் தெரிந்த பையன் அதை அணைத்துவிடுவான் என்பதால் ரவுட்டரின் டிஎன்எஸ் கட்டத்திலும் போட்டுவையுங்கள்: 1.1.1.3, அடுத்தது 1.0.0.3.

பலர் இதோடு நிறுத்திவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். காரணம் ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி. இப்போது பல இணைப்புகளில் அதுவும் சேர்ந்தே வருகிறது. பழைய வகையான ஐபிவி4-க்கு மட்டும் டிஎன்எஸ் மாற்றினால் கேள்விகள் அந்த இன்னொரு வாசல் வழியாகப் போய்விடும். ஐபிவி6 டிஎன்எஸ் கட்டத்தில் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 இரண்டையும் போடுங்கள். உங்கள் ரவுட்டரில் அந்தக் கட்டமே பூட்டியிருந்தால், போனில் போட்டதை மட்டும் நம்பியிருக்க வேண்டியதுதான்.

டிஎன்எஸ் ஒரு தளத்தை முழுதாக மூடும், அவ்வளவே. யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஒன்பது வயதுக்கு யூடியூப் கிட்ஸ் போதும். ரயில் நிலைய, ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் திறக்கவில்லை என்றால் பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக ‘தானியங்கி’ ஆக்குங்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கூகுள் 15 ஜிபி நிறைந்துவிட்டது, மெயிலே வருவதில்லை. குழந்தைகளின் படங்களை அழிக்க மனமில்லை.

பதில்: ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏறும் படங்களும் கணக்கில் வருகின்றன. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதற்குள்தான்.

அவசரத்துக்கு: வாட்ஸ்அப் பேக்கப் செட்டிங்கில் ‘வீடியோவையும் சேர்’ என்பதை அணையுங்கள். டிரைவில் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பெரியவற்றை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். மெயில் அன்றே வரத் தொடங்கும்.

படங்களுக்கு, கூகுளில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, 10 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள். இணைப்பு மெயிலில் வரும். அது ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும் என்பதால் உடனே இறக்குங்கள். படத்தோடு ஜேசன் என்ற சின்னக் கோப்புகளும் வரும். குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் போட்ட குறிப்புகளும் திருத்திய தேதியும் அதில்தான் இருக்கும். எல்லாத் துண்டையும் பிரித்து, நடுநடுவே படங்களைத் திறந்து பார்த்து, இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று அம்மா வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பென் டிரைவை இதற்கு நம்பாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் ஆபத்தான இடம். போட்டோஸ் செயலியில் ‘இடத்தைக் காலிசெய்’ என்பது போனிலிருப்பதை மட்டும் நீக்கும், கூகுளில் இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் படத்தைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ கொடுத்தால் கூகுளிலும் போனிலும் சேர்ந்தே போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பிள்ளையின் முதல் பிறந்தநாளையே தொலைத்தவர்கள் உண்டு. தவறி நீக்கியிருந்தால், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

கேள்வி: ஐந்தாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம். மகளின் பள்ளி வேலைக்குத் தேறுமா, புதிது வாங்கவா?

பதில்: தேறும். மெதுவாக இருப்பதற்குக் காரணம் பிராசஸர் அல்ல, சுழலும் டிஸ்க். அதற்குப் பதில் சுழலாத 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி வாங்குங்கள். கடைக்காரர் நீளமான என்விஎம்இ-யை ‘இதுதான் வேகம்’ என்று நீட்டினால் வாங்காதீர்கள், உங்கள் லேப்டாப்பில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. ரேமையும் கூட்டுவதானால், அது பெரும்பாலும் டிடிஆர்3எல் வகை, 1.35 வோல்ட். டிடிஆர்4 பொருந்தாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். பழைய ரேமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய்விடுங்கள், பேச்சே இல்லை.

பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தாமல், அழுத்தாமல் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்பார்கள். குறுக்கு வழிகள் உண்டு, பள்ளி லேப்டாப்பில் நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஓடவிட்டு வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் மூன்றும் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டு நிறுவுங்கள். லிப்ரே ஆபீஸ், பிரவுசர் வகுப்புகள், தமிழ் எல்லாம் ஓடும். டாலி மாதிரி விண்டோஸை மட்டும் நம்பிய மென்பொருளோ, தனிச் செயலி கேட்கும் ஆன்லைன் தேர்வோ இருந்தால் இந்த வழி வேண்டாம். கழற்றிய டிஸ்கை 2.5 அங்குல யூஎஸ்பி பெட்டியில் போட்டால், மேலே சொன்ன படங்களுக்கு ஒரு டிஸ்க் ஆயிற்று.

கேள்வி: சார்ஜரில் இருக்கும்போது லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறது. லேப்டாப் பழுதா?

பதில்: பெரும்பாலும் லேப்டாப் பழுதில்லை, எர்த் கிடைக்காததுதான் காரணம். அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டும் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறு கசிவு எப்போதும் உண்டு. அது எர்த்தில் இறங்க வேண்டும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை கன்வெர்ட்டரில் செருகினால் உங்கள் விரல் வழியாக இறங்குகிறது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேராகச் செருகியும் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230 அருகில் வர வேண்டும். வராவிட்டால் லேப்டாப்பை விடுங்கள், வாஷிங் மெஷினையும் கீசரையும் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: பிரிண்டரை மாதம் ஒருமுறைதான் தொடுவோம். ஒவ்வொரு தடவையும் கோடு கோடாக வருகிறது.

பதில்: மை காய்ந்து துளை அடைக்கிறது. வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள். பிரிண்டரின் சொந்தப் பட்டனில் அணைத்துவிட்டுப் பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். ‘ஹெட் கிளீனிங்’ இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள், மையைக் கொட்டி உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சை நிறைத்துவிடும். மாதம் ஒரு பக்கம்தான் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடை மலிவு.

கேள்வி: மாமனாரின் பழைய பாமினி கோப்புகள் புது லேப்டாப்பில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. வைரஸா அக்கா?

பதில்: வைரஸ் இல்லை. அந்தக் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு அவற்றைத் தமிழ் உருவத்தில் காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் சாயம் வெளுத்துவிட்டது. பாமினியை நிறுவினால் படிக்கலாம். நிரந்தரத் தீர்வு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றிகள் வேண்டிய அளவு கிடைக்கின்றன, ‘பாமினியிலிருந்து’ என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். அதனால் மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இனி தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. மொழி செட்டிங்கில் தமிழைச் சேர்த்து, விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். பிள்ளைகளுக்கு இதையே பழக்குங்கள். க இருமுறை தட்டினால் க்க என்று புள்ளி தானாக விழும்.

கேள்வி: அப்பாவின் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. திறந்ததும் ஏதோ ‘இன்ஸ்டால்’ கேட்டு, அவரும் அழுத்திவிட்டார். இப்போது என்ன செய்ய?

பதில்: பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபி-யைக் கடத்தத்தான் இப்படி அனுப்புகிறார்கள்.

இதைப் படித்த கையோடு அப்பாவின் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங், யூபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போனிலுள்ள படங்களைக் கேபிளில் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். செயலியை மட்டும் நீக்கினால் போதும் என்று விடாதீர்கள், சில தங்கள் ஐகானையே மறைத்துக்கொள்ளும். ரீசெட்டுக்குப் பின் ##002# அடியுங்கள், யாராவது கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் ரத்தாகும். பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் வையுங்கள். செட்டிங்கில் ‘அறியாத செயலிகளை நிறுவுதல்’ என்ற பக்கத்தில் வாட்ஸ்அப்பை அணைத்துவையுங்கள். அந்தப் பத்திரிகையை அனுப்பிய உறவினருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள், அவர் போனும் இப்படித்தான் மாட்டியிருக்கும்.