கர்ப்ப காலத்தில் காபி: டம்ளரை எண்ணுவதா, பொடியை நிறுப்பதா?

கேள்வி: எனக்கு இப்போது மூன்றாம் மாதம் நடக்கிறது. வீட்டில் காலையில் இரண்டு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் பில்டர் காபி குடிக்கிறேன். அலுவலகத்தில் பதினொரு மணிக்கு ஒரு இன்ஸ்டன்ட் காபி. காபியைக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார். எவ்வளவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாமியார் அடியோடு நிறுத்தச் சொல்கிறார். கடையில் வறுத்து அரைத்துத் தரும் 80:20 பொடியைத்தான் வாங்குகிறோம். 200 கிராம் பொட்டலம் எனக்கும் கணவருக்கும் ஐந்து நாள் வருகிறது. எந்தப் பொடியை வாங்க வேண்டும்? எத்தனை டம்ளர் குடிக்கலாம்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: பொட்டலம் எத்தனை நாள் வருகிறது என்பதை நீங்கள் எழுதியிருப்பது மிகவும் உதவியாக இருக்கிறது. எத்தனை டம்ளர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. டம்ளரின் அளவும் டிகாஷனின் திடமும் வீட்டுக்கு வீடு மாறும். பொடியின் எடை மாறாது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில் கூறியது. கருச்சிதைவும் குழந்தையின் எடைக்குறைவும் நேரும் வாய்ப்பைக் குறைப்பதே அதன் நோக்கம். பிரிட்டன் 2008இல் தன் வரம்பை 300இலிருந்து 200ஆகக் குறைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2015இல் கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்றே சொன்னது. நான் 200ஐயே வீட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன். நம் வீட்டு டிகாஷனில் எவ்வளவு இறங்கியது என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால், கணக்கு சற்றுத் தவறினாலும் 300ஐத் தாண்டாதபடி இடைவெளி விட்டு வைப்பது நல்லது.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் தனி வரம்பு என்று கணவரோ மாமியாரோ கேட்டால் காரணம் இதுதான். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கச் சாதாரணமாக ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கர்ப்பம் முதிர முதிர, அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் குறைந்து, கடைசி மாதங்களில் அந்த நேரம் 15 மணி வரையும் நீண்டுவிடுகிறது. காலை ஏழு மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கலாம். நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும் காஃபினைச் சிதைக்கும் திறன் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை. இதுவரை குடித்ததை நினைத்து நீங்கள் மனம் வருந்த வேண்டாம். இனி வாங்குவதையும் கலப்பதையும் பார்ப்போம்.

காபிக் கொட்டையில் அரபிகா, ரோபஸ்டா என்று இரண்டு இனங்கள் விற்பனைக்கு வருகின்றன. அரபிகாவின் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடும், ரோபஸ்டாவின் எடையில் ஏறத்தாழ 2.2 விழுக்காடும் காஃபின். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 20 கிராம் பொடி செலவாகிறது. 80:20 பொடியானால் அதில் 16 கிராம் காபி, 4 கிராம் சிக்கரி. அந்த 16 கிராமும் அரபிகாவாக இருந்தால் 192 மில்லிகிராம் காஃபின்; முழுவதும் ரோபஸ்டாவாக இருந்தால் 352. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 272. இவ்வளவும் டிகாஷனில் இறங்கிவிடாது. ஆனாலும் பெரும்பகுதி இறங்கிவிடும் என்பதால் இதையே மேல்வரம்பாகக் கொள்வது பாதுகாப்பானது. இதன்மேல் அலுவலக இன்ஸ்டன்ட் காபி வேறு இருக்கிறது. 150 மில்லி கொண்ட ஒரு கோப்பை இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மில்லிகிராம் இருக்கும் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தரும் கணக்கு. ஆக, கடைக்காரர் எந்தக் கொட்டையை அரைத்துத் தந்தார் என்பதைப் பொறுத்து, அதே நான்கு வேளைக் காபியில் நீங்கள் ஏறத்தாழ 250இலும் இருக்கலாம், 400ஐத் தாண்டியும் இருக்கலாம்.

ஆகையால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் ரோபஸ்டா எவ்வளவு?" என்பதே. கடைப் பலகையில் பிளாண்டேஷன் ஏ என்று எழுதியிருந்தால் அது நீரில் கழுவிப் பதப்படுத்திய அரபிகா. பீபரி என்பது, காய்க்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக உருண்டையாக ஒன்றே விளைந்த கொட்டை. அது இரண்டு இனங்களிலும் உண்டு என்பதால், பீபரி என்ற சொல்லை மட்டும் வைத்துக் காஃபின் அளவை அறிய முடியாது. செர்ரி என்பதும் அப்படியே, கழுவாமல் பழத்தோடு உலர்த்தும் முறையின் பெயர். அரபிகா செர்ரியா, ரோபஸ்டா செர்ரியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிகாஷன் கெட்டியாக, நுரையோடு வர வேண்டும் என்பதற்காகக் கலவையில் ரோபஸ்டா சேர்ப்பது வழக்கம். அதில் குற்றம் எதுவும் இல்லை. இந்த ஆறேழு மாதங்களுக்கு மட்டும் உங்களுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி சிக்கரியைப் பற்றியது. வழக்கமாக, சிக்கரி குறைந்த பொடியையே நல்ல பொடி என்று நாம் மதிக்கிறோம். சுவைக்கு அது சரியாக இருக்கலாம். காஃபினைக் குறைப்பதற்கு நிலைமை நேர்மாறானது. சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கை வறுத்து அரைத்தது. அதில் காஃபின் கிடையாது. டிகாஷனுக்குக் கருமையும் கனமும் தருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், கறுப்பாக இருக்கும் காபியில் காஃபின் அதிகம் என்று நினைப்பதும் தவறு. அரபிகா மட்டும் உள்ள 60:40 பொடிக்கு மாறினால், அதே 20 கிராமில் காபி 12 கிராம், காஃபின் 144 மில்லிகிராம். ஆளுக்கு 15 கிராமாகக் குறைத்தால் 108. அப்போது அலுவலகக் காபியைச் சேர்த்தாலும் 175க்குள் நின்றுவிடுகிறது. மூன்று டம்ளரும் இருக்கும், அலுவலகத்து ஒரு கோப்பையும் இருக்கும்; டம்ளரைச் சிறிதாக்கிப் பாலைக் கூட்டிக்கொண்டால் சுவையிலும் பெரிய குறை தெரியாது. இரண்டாம் டிகாஷன் உங்களுக்கு, முதல் டிகாஷன் கணவருக்கு என்று பிரித்துக்கொள்வதும் நல்ல வழியே. காஃபினின் பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடுகிறது.

சிக்கரியின் விலை காபியைவிடக் குறைவு. ஆகவே 60:40 பொடியின் விலை 80:20 பொடியைவிடக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

மாமியாரின் சொல்லையும் தள்ளிவிட வேண்டாம். அடியோடு நிறுத்துவதில் எந்தக் கெடுதலும் இல்லை. உங்களால் முடிந்தால் அதுவே நல்லது. முன்பு கருச்சிதைவு ஏற்பட்டிருந்தாலோ, இரத்த அழுத்தமோ இதயப் படபடப்போ இருந்தாலோ, என் கணக்கை விட்டுவிட்டு உங்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "ஒரு நாளைக்கு இத்தனை கிராம் பொடி செலவாகிறது" என்று சொல்லிக் கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது எளிதாக இருக்கும்.

கேள்வி: பொட்டலத்தில் சிக்கரி எவ்வளவு என்று போடவே இல்லை. கடைக்காரரும் "சுத்தமான காபி" என்று மட்டும் சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதும், காபி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை விழுக்காடு என்று பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டும் என்பதும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிகள். சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் காபிக்கும் இது பொருந்தும். அச்சிடாத பொட்டலத்தை வாங்காதீர்கள். ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்முன்னே அரைத்துத் தரும் கடையானால், விகிதத்தையும் கொட்டையின் இனத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குத் தயங்க மாட்டார்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி பொடியைத் தூவுங்கள். காபித்தூள் மிதக்கும், சிக்கரி சில விநாடிகளிலேயே பழுப்பு நிறக் கோடுகளை விட்டபடி கீழே இறங்கும். கலப்பு உண்டா இல்லையா என்பதை இது காட்டிவிடும், ஆனால் விகிதத்தைச் சொல்லாது. சுத்தக் காபி என்று விற்றதில் சிக்கரி இறங்கினால், ரசீதையும் மீதிப் பொடியையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: காஃபின் நீக்கிய காபி என்று விலை உயர்ந்த புட்டி ஒன்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. காஃபின் நீக்கியது என்றால் முற்றிலும் இல்லை என்று பொருளாகாது. கோப்பைக்குச் சில மில்லிகிராம் எஞ்சியிருக்கும், அது பொருட்படுத்தத் தக்க அளவன்று. முதல் பதிலில் சொன்னபடி பொடியை மாற்றி அளவைக் குறைத்தவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. மாலைக் காபி இல்லாமல் இருக்கவே முடியாது, குடித்தாலோ இரவில் உறக்கம் வருவதில்லை என்பவர்கள் அந்த ஒரு வேளைக்காக வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் சிறிய புட்டியாக வாங்கிச் சுவை பிடிக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் காபி இல்லை, தேநீர்தான். கிரீன் டீ உடலுக்கு நல்லது என்று நாள்தோறும் மூன்று முறை குடிக்கிறேன். ஐந்தாம் மாதம். இதில் காஃபின் கிடையாதுதானே?

பதில்: உண்டு. கிரீன் டீயும் அதே தேயிலைச் செடியின் இலைதான். 150 மில்லி கொண்ட ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபின் இருப்பதாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. மூன்று கோப்பை என்றால், மிகுதியாகக் கணக்கிட்டாலும், 200க்குச் சற்று உள்ளேதான் நிற்கிறீர்கள், நான்காவது வேண்டாம்.

உங்களைப் பொறுத்தவரை காஃபினைவிடவும் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தேநீரிலும் காபியிலும் உள்ள டானின்கள், உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. ஐந்தாம் மாதத்தில் இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதை விழுங்கிய கையோடு தேநீர் குடித்தால் மாத்திரையின் பயன் பெருமளவு வீணாகிறது. இரத்தசோகை நம் பெண்களிடையே எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால் இது சிறிய விஷயமன்று. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளி வையுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்வது அது உடலில் சேர உதவும்.

கேள்வி: கோலா, ஆற்றல் பானம் இவற்றிலும் காஃபின் உண்டா?

பதில்: உண்டு. சாதாரண கோலா வகைகளில் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. 250 மில்லி குடித்தால் அதிகம் போனால் 36 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டு 300 வரை இருப்பவை காஃபின் பானங்கள் என்ற தனி வகை. அவற்றின் குப்பியிலேயே, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதன்று என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்த பிறகு யோசிக்க எதுவும் இல்லை; வாங்க வேண்டாம். பொருள் பட்டியலில் குவாரானா என்று இருந்தால் அதுவும் காஃபின் உள்ள விதையே.

கேள்வி: என் மனைவி கர்ப்பம் உறுதியான அன்றே காபியை நிறுத்திவிட்டார். மறுநாளிலிருந்து கடுமையான தலைவலி. மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கித் தந்தேன். சரியா?

பதில்: கர்ப்பிணிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் வலி நிவாரணியோடு காஃபினும் சேர்ந்திருக்கிறது. காபியை விட்டவருக்கு மாத்திரை வழியாக அதையே கொடுத்தது போலாகும். அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்து, அந்த அட்டையையே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள்தோறும் குடித்த காபியைத் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கும். ஆகவே ஒரேயடியாக விடாமல், பொடியை நாலைந்து நாளுக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் குறைப்பதே நல்லது. பழைய பொடியில் புதிய 60:40 பொடியைக் கலந்து, வாரத்துக்கு வாரம் புதியதன் பங்கைக் கூட்டினால் நாக்கும் பழகிக்கொள்ளும். ஆனால் தலைவலியோடு பார்வை மங்கல், முகத்திலோ கைகளிலோ வீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவை இருந்தால், குறிப்பாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, அதைக் காபியின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்தம் உயர்ந்ததற்கான அறிகுறியாக அது இருக்கலாம்.

கேள்வி: சுக்குமல்லிக் காபிப் பொடி வாங்கினால் காஃபின் இருக்காது அல்லவா?

பதில்: சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி ஆகியவை மட்டுமே இருந்தால் காஃபின் இல்லை. பொட்டலமாக விற்பவற்றில் காபித்தூள் சேர்த்திருக்கிறார்களா என்று பொருள் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். கர்ப்ப கால நீரிழிவு என்று மருத்துவர் சொல்லியிருந்தால், கருப்பட்டி சேர்க்காத பொடியாகவே கேளுங்கள்; பனையிலிருந்து வந்தாலும் இரத்தத்தில் அது சர்க்கரையே. சுக்கையும் மல்லியையும் வாங்கி வீட்டிலேயே வறுத்து இடித்துக்கொண்டால் இந்த இரண்டு கவலைகளும் இல்லை.