ஜாவாவில் ஸ்ட்ரிங் ஒப்பீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு வேரியபிளிலும் "சென்னை" என்று எழுதி == போட்டேன், ட்ரூ வந்தது. அதையே ஸ்கேனரில் (கீபோர்டில் அடிப்பதை வாங்கித் தரும் கிளாஸ்) டைப் செய்து ஒப்பிட்டால் ஃபால்ஸ். ஏன்?

பதில்: இரண்டு பக்கமும் இருப்பது ஒரே ஆப்ஜெக்ட்தானா என்பதை மட்டுமே == பார்க்கும். உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. கோடில் மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதும் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, ஜாவா ஒரு பொதுத் தொகுப்பில் ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் ட்ரூ. ஸ்கேனர் தருவதோ நிரல் ஓடும்போது புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்ட். "சென்" + "னை" என்று கோடிலேயே எழுதினால்கூட ட்ரூதான் வரும், நிரலை மொழிமாற்றும் கம்பைலரே ஒட்டிவிடுகிறது. ஒரு பாதியைச் சாதாரண வேரியபிளில் வைத்து ஒட்டிப் பாருங்கள், ஃபால்ஸ் வரும். நாம் சோதிக்கும்போது சரியாக ஓடி, பயனர் கையில் போனதும் உடைகிற பிழை இது. எழுத்துகளை ஒப்பிட ஈக்வல்ஸ் மெத்தட்தான்.

கேள்வி: ஊர்.ஈக்வல்ஸ்("மதுரை") என்ற வரியில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வருகிறது.

பதில்: ஊர் என்ற வேரியபிள் நல், அதாவது எந்த ஆப்ஜெக்ட்டையும் குறிக்காமல் இருக்கிறது; அதன்மேல் மெத்தட்டை அழைத்தால் இந்தப் பிழை வரும். திருப்பிப் போடுங்கள்: "மதுரை".ஈக்வல்ஸ்(ஊர்). இரண்டுமே நல் ஆகலாம் என்றால், ஜாவா 7 முதல் உள்ள ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் இருக்கிறது. ஆனால் ஊர் நல் ஆக இருக்கவே கூடாத இடமென்றால் எக்ஸெப்ஷன் வரட்டும். மூடி மறைத்தால் பிழை வேறெங்கோ போய் முளைக்கும்.

கேள்வி: வேகத்துக்காக எல்லாவற்றையும் இன்டெர்ன் செய்துவிட்டு (அந்தப் பொதுத் தொகுப்பில் உள்ள ஒரே பிரதியாக மாற்றிவிட்டு) == பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஈக்வல்ஸ் முதலில் செய்வதே அந்த == சோதனைதான். ஒரே ஒரு இடத்தில் இன்டெர்ன் செய்ய மறந்தால் போதும், பழைய பிழை திரும்பிவிடும்.

கேள்வி: திரையில் இரண்டுமே "கொடி"தான். ஈக்வல்ஸ் போட்டும் ஃபால்ஸ் வருகிறதே?

பதில்: இது தமிழில் வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. யூனிகோடில் கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒரே குறியாக, அல்லது க-வோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. "கொடி"யின் லெங்த் (நீளம்) கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5 வரும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நார்மலைசர் கிளாஸில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) இரண்டையும் மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். தரவுத்தளத்தில் சேமிக்கும் முன்பே மாற்றிவிடுவது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் இருக்கிற பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

கேள்வி: ஸ்ட்ரிங்குகளைக் கம்பேர்-டூ மெத்தட் வைத்து வரிசைப்படுத்தினால் "10" முன்னால், "9" பின்னால் வருகிறது.

பதில்: அது எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது, '1'-இன் குறியீட்டெண் 49, '9'-க்கு 57. எண் வரிசை வேண்டுமென்றால் இன்டிஜராக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.