இடது கண்ணைக் காட்டி இரண்டு கண்ணுக்கும் கிளெய்ம் மறுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். மகளுக்கு வயது 24, சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. வலது கண் மைனஸ் 10.00, சிலிண்டர் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்கான பவர்) மைனஸ் 2.00. இடது கண் மைனஸ் 6.50, சிலிண்டர் மைனஸ் 3.00, ஆக்சிஸ் (சிலிண்டர் நிற்கும் கோணம்) 180. கருவிழி மெலிவு, லேசர் சரிப்படாது என்று சொல்லி, திருச்சியில் இரு கண்ணிலும் டோரிக் ஐசிஎல் (இயற்கை லென்ஸை எடுக்காமல் கண்ணுக்குள் வைக்கும், சிலிண்டரையும் திருத்தும்) லென்ஸ் வைத்தார்கள். கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து 1,90,000 ரூபாய் கட்டினேன். குடும்ப மருத்துவக் காப்பீட்டு பாலிசி என் பெயரில், இது ஐந்தாவது வருடம். ‘இடது கண் 7.5 டயாப்டருக்குக் குறைவு, 15-ஆம் விலக்கு’ என்று முழு கிளெய்மையும் மறுத்துவிட்டார்கள். இடது லென்ஸ் வேறு திரும்பிவிட்டதாம். நேராக்க மருத்துவமனையில் 18,000 கேட்கிறார்கள்.

பதில்: முதலில் மறுப்புக் கடிதம். 15-ஆம் விலக்கு மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவாக ஒரே வாசகத்தில் இருப்பது: 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைப் பவரைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. வலது கண்ணுக்கு இதில் விவாதமே இல்லை. பத்து எப்படிப் பார்த்தாலும் ஏழரைக்கு மேல்தான். இடது கண்ணைச் சாக்கிட்டு வலது கண்ணின் பணத்தையும் நிறுத்தியதற்கு பாலிசியில் ஆதாரம் இல்லை.

இடது கண்ணில்தான் வேலை இருக்கிறது. ‘குறைவு’ என்பதை எந்த எண்ணை வைத்து அளப்பது என்று அந்த வாசகம் சொல்லவில்லை. உங்கள் மகளின் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை விட்டுவிட்டால் 6.50. சிலிண்டரில் பாதியைச் சேர்த்துச் சராசரி பவர் பார்த்தால் 8.00. அதே சீட்டை பிளஸ் சிலிண்டரில் எழுதினால் மைனஸ் 9.50, பிளஸ் 3.00, ஆக்சிஸ் 90 என்று ஆகிவிடும். கண் ஒன்றுதான், கண்ணாடி ஒன்றுதான், எழுதும் முறை மட்டும் வேறு. கம்பெனி தனக்குத் தோதான எண்ணைப் பொறுக்கிக்கொண்டது. விலக்கைக் காட்டிப் பணத்தை மறுப்பவர்தான் அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். பாலிசி வாசகம் இரு பொருள் தந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பது 1966-இல் சந்துமல் ஜெயின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு பொறி மட்டும் உண்டு. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கருவிழிப் பரப்புக்குக் கணக்கிட்டால் அந்த 8.00 சுமார் 7.3 ஆகச் சுருங்கும். கம்பெனி மருத்துவர் இதைக் கிளப்பலாம். எனவே கான்டாக்ட் லென்ஸ் சீட்டையோ லென்ஸ் பெட்டி ஸ்டிக்கரில் உள்ள பவரையோ முன்னால் நீட்டாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் தேதியிட்ட கண்ணாடிச் சீட்டு, முடிந்தால் இரண்டு வருடத்துச் சீட்டுகள், அவைதான் அடிப்படை. ஸ்டிக்கர், லென்ஸ் வைத்ததற்கும் பில்லுக்கும் மட்டும் சாட்சி.

மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். கருவிழி கனம் எத்தனை மைக்ரான், லேசர் ஏன் கூடாது, இரு கண்ணின் பவர் (சிலிண்டரோடு), எந்த மயக்க முறை, ஏன் அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பவை எண்ணாகவே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கண்ணாடியைத் தவிர்க்க’ என்று ஒரு வரி இருந்தால் அடுத்த மறுப்பு ‘அழகுச் சிகிச்சை’ என்று வரும். பல கிளெய்ம்கள் சறுக்குவது அங்கேதான். விலக்கு பொருந்தாவிட்டாலும், டே-கேர் (அன்றே வீட்டுக்கு அனுப்பும்) சிகிச்சை, மருத்துவத் தேவை என்ற இரண்டையும் நீங்கள் காட்டியாக வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். அது உங்களுக்கு முடிந்துவிட்டது. விண்ணப்பத்தில் கண்ணாடி விவரம் எழுதினீர்களா என்று மட்டும் பழைய நகலை எடுத்துப் பாருங்கள்.

இவற்றோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது. (எங்களுக்கு வருத்தம்தான், உங்களுக்கு லாபம்.) பாலிசி உங்கள் பெயரில் என்பதால் கையெழுத்து மகள் அல்ல, நீங்கள் போட வேண்டும். ஆம்பட்ஸ்மன் தரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மன் மனுவை எடுக்க மாட்டார். வரிசை மாறிவிடக் கூடாது.

திரும்பிய லென்ஸ் தனி வழக்கு. அதை ஆம்பட்ஸ்மன் மனுவில் கலக்காதீர்கள். லென்ஸ் திரும்புவது டோரிக் ஐசிஎல்லில் தெரிந்த ஆபத்து; திரும்பியது ஒன்றை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பத்து டிகிரி திரும்பினால் சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், முப்பது டிகிரியில் பலன் பூஜ்யம். கேள்வி வேறு: கண்ணின் அளவுக்குச் சின்ன லென்ஸ் வைத்தார்களா? லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என நான்கு நீளத்தில் வருகிறது. நீளம் போதாவிட்டால் பிடிமானம் இல்லாமல் சுழலும், இயற்கை லென்ஸை ஒட்டிப் புரையும் வரலாம். எனவே அளவெடுத்த பதிவுகள், லென்ஸ் ஸ்டிக்கர், சம்மதப் படிவம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறி விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். திரும்பும் ஆபத்தும் மறு அறுவைக் கட்டணமும் சம்மதப் படிவத்தில் இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும். புகார் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு வருடத்துக்குள். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது.

வழக்குக்காகக் கண்ணைக் காக்க வைக்காதீர்கள். 18,000 ரூபாயை ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கட்டலாம். ஆனால் அதற்கு முன்பு, கண்பாப்பாவை மருந்து விட்டு விரித்து, லென்ஸ் இப்போது நிற்கும் கோணம் தெரியும்படி வேறொரு கண் மருத்துவரிடம் படம் எடுத்து, தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேராக்கிய பிறகு அந்தக் கோணத்தை யாராலும் காட்ட முடியாது.