கேள்வி பதில்: ப்ரோக்ராம் ஓடுது, ஆனா டைப் பண்ண முடியல

கேள்வி: அண்ணா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். கோட் எழுதற விஎஸ் கோட் எடிட்டர்ல, பட்டன் தட்டினா ப்ரோக்ராமை ஓட்டற கோட் ரன்னர் எக்ஸ்டென்ஷன் போட்டு சி ப்ரோக்ராம் ஓட்டறேன். இன்புட் வாங்கற ஸ்கேன்எஃப் வரி வந்தா அப்படியே நின்னுடுது, கீழ டைப் பண்ணா எழுத்தே விழல. வயசு என்னன்னு கேக்கற பிரிண்ட்எஃப் வரிகூட வரமாட்டேங்குது. தப்பு என்னோடதா?

பதில்: இல்லமா, உங்க ப்ரோக்ராம் சரியாத்தான் இருக்கு. கீழ தெரியற அந்த இடம், கமாண்ட் டைப் பண்ணி ஓட்டற டெர்மினல் இல்ல, அவுட்புட் பேனல். அதுல படிக்கத்தான் முடியும், எழுத முடியாது, ஆனா ஸ்கேன்எஃப் நீங்க ஏதாவது குடுப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருக்கு. பிரிண்ட்எஃப் வரி ஏன் வரலன்னா, எதிர்ல டெர்மினல் இல்லன்னு தெரிஞ்சா சி அந்த எழுத்தையெல்லாம் பஃபர்ங்கற தற்காலிக இடத்துல சேத்து வெச்சு, அது நிறையும்போதோ ப்ரோக்ராம் முடியும்போதோதான் வெளிய விடும், இங்க ப்ரோக்ராம் முடியவே இல்லையே.

மொதல்ல கன்ட்ரோல் ஆல்ட் எம் அழுத்தி அதை நிறுத்துங்க. அப்புறம் கன்ட்ரோல் கமா அழுத்தி செட்டிங்ஸ் போய், கோட் ரன்னர் ரன் இன் டெர்மினல்னு இங்கிலீஷ்ல தேடி டிக் பண்ணுங்க. இனிமே கன்ட்ரோல் ஆல்ட் என் அழுத்தினா நிஜ டெர்மினல்ல ஓடும், வயசும் கேக்கும், டைப்பும் பண்ணலாம்.

இதுல ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, நான் இதுல ஒரு ராத்திரி முழுக்க மண்டை காஞ்சிருக்கேன். பழைய ப்ரோக்ராம் இன்னும் இன்புட்டுக்கு நிக்கறப்போ திரும்ப ரன் குடுத்தா, கோட் ரன்னர் அனுப்பற கமாண்டையே ஸ்கேன்எஃப் உங்க வயசுன்னு நெனச்சு எடுத்துக்கும், கன்னாபின்னான்னு நம்பர் வரும். அதனால டெர்மினல்ல கன்ட்ரோல் சி குடுத்து நிறுத்திட்டு ஓட்டுங்க.

கேள்வி: சார், கோட மாத்தினாலும் பழைய அவுட்புட்டே வருது. ரீஇன்ஸ்டால் பண்ணியும் பாத்துட்டேன்.

பதில்: ஃபைல் பேர் பக்கத்துல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கா பாருங்க தம்பி. இருந்தா சேவ் ஆகல, உங்க கோடை ஓடற ப்ரோக்ராமா மாத்தற கம்பைலர் டிஸ்க்ல இருக்கற பழசைத்தான் எடுக்குது. சேவ் ஃபைல் பிஃபோர் ரன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணிடுங்க, போதும்.

கேள்வி: இப்படி பட்டன் தட்டியே ஓட்டினா வேலைக்குப் போனப்புறம் கஷ்டப்படுவேன்னு சீனியர் சொல்றான், நிஜமா?

பதில்: பட்டன் வேணாம்னு நான் சொல்லமாட்டேன், சின்ன ப்ரோக்ராமுக்கு அது ரொம்ப வசதி. ஆனா அது உங்களுக்கு பதிலா என்ன டைப் பண்ணுதுன்னு தெரியணும், அதுல சீனியர் சொல்றது சரி. டெர்மினல்லயே அந்த வரி தெரியும் பாருங்க: ஃபோல்டருக்குள்ள போக சிடி, அப்புறம் சி கம்பைலரான ஜிசிசி கூட ஃபைல் பேரு, மைனஸ் ஓ போட்டு வெளிய வர்ற ஃபைலுக்கு பேரு, கடைசில அதை ஓட்டறது, அவ்ளோதான். பைத்தானுக்கு மைனஸ் யுன்னு ஒண்ணு சேத்திருப்பாங்க, மேல சொன்ன பஃபர் தொல்லை வராம இருக்கத்தான் அது. இந்த ஒரு வாரம் டேப் கீக்கு மேல இருக்கற கீயை கன்ட்ரோலோட சேத்து அழுத்தி டெர்மினலைத் திறந்து, அந்த வரியை நீங்களே கையால அடிச்சுப் பாருங்க.