ஏரி தளும்பும்போது ஊற்று ஏன் அடங்கியது?

அன்புள்ள சார்,

நியூசிலாந்தில் ரொட்டோருவா ஏரிக்கரையின் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்தேன். ஏரித் தண்ணீர்தான் கீழே கசிந்து, சூடேறி மேலே வருகிறது என்று நினைத்தேன். ஆனால் ஊர்க்காரர்கள் போர் போட்டு வெந்நீர் எடுத்ததில் ஊற்றுகள் அடங்கிப்போயின என்றார் வழிகாட்டி. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது அது எப்படி?

கே.

அன்புள்ள கே.,

ஏரி அந்த ஊற்றுகளுக்குத் தொட்டி அல்ல, வடிகால். ரொட்டோருவாவின் வெந்நீர் ஊற்றுப் பகுதியான ஃபாகாரேவாரேவாவின் தண்ணீர் புவாரெங்கா ஓடை வழியாக ஏரியில்தான் போய்ச் சேர்கிறது.

ஊற்றுநீரில் பெரும்பகுதி மழைநீர். மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியே கிலோமீட்டர் கணக்கில் ஆழம் போய், எரிமலைச் சூட்டில் காய்ந்து திரும்புகிறது. 100 மீட்டர் ஆழத்தில், மேலிருக்கும் தண்ணீரின் கனத்தால், கொதிக்கவே சுமார் 180 டிகிரி வேண்டும்; குக்கருக்குள் நடப்பதுதான். அந்தச் சூட்டில் பாறையின் சிலிக்கா கரைந்துவிடும். மேலே வந்து ஆறியதும் படியும். அங்குள்ள போஹுட்டு பீய்ச்சூற்றைச் (வெந்நீரை உயரே பீய்ச்சியடிக்கும் ஊற்று) சுற்றி வெள்ளையும் சாம்பலுமாய்ப் படிப்படியாக இறுகிக் கிடக்கிறதே, அதுதான். (சேற்றுக் குழிகள் வேறு வகை. அங்கே ஆவியும் வாயுவும் மட்டுமே ஏறி வரும். கந்தக அமிலம் பாறையை அரித்துக் களியாக்கிவிடும்.)

சரி, மேலே தள்ளுவது எது? சூடான தண்ணீர் லேசு, சுற்றியிருக்கும் குளிர்ந்த தண்ணீர் கனம். கனமானது கீழே நெருக்க, லேசானது ஏறுகிறது. ஊற்று நிலத்துக்கு மேலே வழிய, கடைசி ஓரிரு மீட்டர் உயரத்துக்கான அழுத்தம்கூட முக்கியம். வீடுகளும் விடுதிகளும் போர் வழியே எடுத்தபோது குறைந்தது அந்த அழுத்தம்தான். ஏரி நிறைந்திருந்து பயனில்லை. அந்தப் பச்சைத் தண்ணீர் உள்ளே புகுந்தால் ஊற்றை ஆற்றத்தான் செய்யும்.

1980களின் பிற்பகுதியில் போஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த போர்களை அரசு மூட வைத்தது. ஊரில் எதிர்ப்பு பலமாக இருந்தது. குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டை இழப்பவர்களின் கோபம் நியாயமும்கூட. ஆனால் அழுத்தம் ஏறியது, அடங்கிய ஊற்றுகள் சில மறுபடி வழிந்தன. எல்லாம் உடனே அல்ல. 1979இல் நின்ற பாப்பாகுரா பீய்ச்சூற்று 2015இல்தான் மீண்டும் பீய்ச்சியது.